இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மியூசியம் போன கதை

சின்ன வகுப்பு எடுக்கிறவர்களுக்கு லீவு நாளில்கூட யாரோ பாத்ரூம் போகணும் என்று கேட்கிற மாதிரியே இருக்கும். என் சக தியாகிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முக்கொம்பு அபாயம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். வருஷா வருஷம் என் பிள்ளைகளைக் காவிரிப் பாலம் தாண்டி மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். எனக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான். கல்லையும் செம்பையும் பார்த்து அந்த வாண்டுகள் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். மற்ற வகுப்புகள் எல்லாம் முக்கொம்பு அணைப் பூங்காவுக்குப் போய் ஊஞ்சல் ஆடிவிட்டு, புளியோதரை தின்றுவிட்டு வரும்.

எங்கள் தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் பெரிய மிஸ் என்பார்கள். பின்னால் நாங்களும் அப்படித்தான். இந்த வருஷம் அவர் மியூசியமே வேண்டாம் என்றுவிட்டார். ஏழு வயசுப் பிள்ளைகளுக்குச் சிலையும் ஓவியமும் எதற்கு, எதையாவது உடைத்தால் யார் பதில் சொல்வது என்பது அவர் கட்சி. நான் விடவில்லை. டீ ஆறுகிற வரைக்கும் வாதாடினேன். கடைசியில் இறங்கி வந்தார். "சரி, போங்க. ஆனா நானும் வரேன். யாராவது எதையாவது தொட்டாங்கன்னு ஒரு புகார் வரட்டும், அடுத்த வருஷத்துலேந்து முக்கொம்புதான்."

வாசலில் ஒரு தகராறு

அதற்காக ஒரு வாரம் வராண்டாவில் ஒத்திகை நடந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கண்ணால் பார்க்கலாம், கை மட்டும் முன்னால் வரக் கூடாது. கல்யாண மண்டபத்தில் பந்தியை மேற்பார்வை பார்க்கிற மாமாக்கள் மாதிரி என் பிள்ளைகள் அழகாக நடந்தார்கள்.

ஆனால் ஷூவைப் பற்றி ஒத்திகை பார்க்க மறந்துவிட்டேன். மியூசியம் வாசலில் ஒரு கல் நந்தி. அதைக் கண்டதுதான் தாமதம், வகுப்பு மொத்தமும் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நந்தி தெரிந்தால் அது கோயில், வேறு பேச்சே இல்லை. அத்தனை ஷூ லேஸையும் மறுபடி கட்டிவிட நான் ஒருத்தி. பெரிய மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வாசல் காவலர் நல்ல மனுஷர். "ஷூ போட்டுக்கிட்டே போலாம் கண்ணுங்களா, இது கோயில் இல்ல" என்றார். "அப்ப நந்தி ஏன் இங்க வந்துச்சு?" என்று கேட்டாள் அகிலா. திருவானைக்காவலில் கோயிலை ஒட்டினாற்போல வீடு, பதில் கிடைக்காமல் நகர மாட்டாள். காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷமா இதுங்கூடத்தான் நிக்கிறேன் டீச்சர், எனக்கு இதைக் கேக்கணும்னு தோணவே இல்ல பாருங்க."

கைதட்டல்

கற்சிற்பங்கள் இருந்த கூடம் அமைதியாக இருந்தது. எல்லாக் கையும் பின்னால். நான் பெரிய மிஸ்ஸைப் பெருமையாகப் பார்த்த நேரத்தில் 'பட், பட், பட்' என்று ஒரு சத்தம். சண்டிகேசுவரர் சிலைக்கு முன்னால் அகிலா கை தட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி தட்டினால் போதாதா? வகுப்பே தட்டியது. கூடம் முழுக்க எதிரொலித்தது. உள் அறையிலிருந்து மியூசிய அதிகாரி வேகமாக வந்தார். பெரிய மிஸ் முகத்தில் முக்கொம்பு தெரிந்தது.

"யாரும்மா கை தட்டினது? எதுக்கு?" என்றார் அதிகாரி. அகிலா கொஞ்சமும் பயப்படவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "நாங்க இங்கேந்து எதையும் எடுத்துட்டுப் போகலைன்னு சாமிகிட்ட சொல்றோம் சார்." சிவன் கோயிலில் கும்பிட்டு முடித்து வெளியே வரும்போது சண்டிகேசுவரர் முன்னால் எல்லாரும் செய்வதுதானே. அதிகாரி அந்தக் கைகளைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வர்றவங்க எல்லாரும் இப்படிச் சொல்லிட்டுப் போனா எனக்குப் பாதி வேலை மிச்சம் டீச்சர்."

பூனை

அடுத்தது ஓவியக் கூடம். தஞ்சாவூர் ஓவியத்தில் குழந்தைக் கிருஷ்ணன், கையில் வெண்ணெய். பெரியவர்கள் தங்க ரேக்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என் பிள்ளைகளின் உயரத்துக்குப் படத்தின் அடிப்பாகம்தான் கண்ணுக்கு நேரே. "மிஸ், கட்டிலுக்கு அடியில ஒரு பூனை. வெண்ணெயையே பாக்குது" என்றான் கோகுல். வகுப்பில் ஒரு இடத்தில் உட்காராத பையன். இத்தனை வருஷம் வந்தும் அந்தப் பூனையை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள் எந்தப் படத்தையும் விடவில்லை. கிளி, எறும்பு, அவிழ்ந்த கொலுசு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

துறையூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி எல்லாவற்றையும் பார்த்து முடித்து வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏங்க, திரும்பி வாங்க. இந்தப் பசங்க பின்னாடியே முதல்லேந்து பாப்போம்."

தூக்கிய கால்

கடைசியாகச் செம்பு நடராஜர். தூக்கியிருப்பது வலது காலா, இடது காலா என்று சண்டை வந்தது. பாதி வகுப்பு ஒரு காலைத் தூக்கியது, மீதி வகுப்பு மறு காலை. பெரிய மிஸ் இருபத்தைந்து வருஷம் கணக்கு எடுத்தவர். தப்பான விடையைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா நிற்க முடியாது. "சாமி நம்மளைப் பாத்து நிக்குது. நாம அது பக்கத்துல போய், அது பாக்குற பக்கமே பாத்து நின்னா தெரிஞ்சுரும்" என்று நடராஜருக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி நின்றார். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு இடது காலைத் தூக்கினார்.

விடை சரிதான். ஆனால் கால் நிற்கவில்லை. ஒரு ஆட்டம் ஆடி, நடராஜர் நின்ற பீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாமி அசையவில்லை. என் பிள்ளைகளும் அசையவில்லை, கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றார்கள். கூடத்து வாசலிலிருந்து அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். யாஸ்மின் மட்டும் ஓரடி முன்னால் வந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "பெரிய மிஸ், தொடக் கூடாது."

எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை.

தீர்ப்பு

மறுநாள் ஆசிரியர் அறையில் பெரிய மிஸ் என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார். மியூசியத்திலிருந்து போன் வந்ததாம். என் பிள்ளைகளைப் போல ஒழுங்கான வகுப்பு வந்ததில்லை, மற்ற வகுப்புகளையும் அனுப்புங்கள் என்றார்களாம். வேறு எதையும் அவர்கள் சொல்லவில்லையா என்று நான் அப்பாவியாகக் கேட்டேன். பெரிய மிஸ் ஒரு மடக்கு டீ குடித்தார். "அடுத்த வருஷம் எல்லா வகுப்பும் மியூசியம்தான். நீங்களே கூட்டிட்டுப் போங்க, நான் வரல."

ஆகவே, சக தியாகிகளே, மியூசியத்துக்குப் பிள்ளைகளை எத்தனை பேரை வேண்டுமானாலும் தைரியமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், பெரியவர் யாராவது கூட வந்தால் மட்டும் அவரைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு ஆளைப் போட்டுவிடுங்கள்.