கரையேறாத பாடு

எங்கள் ஊரில் எதையும் முறை வைத்துத்தான் பங்கிடுவோம். ஏரியில் மீன் நடமாடும் இடம் கொஞ்சம், வலை அதிகம். அதனால் இன்றைக்கு இந்த இடத்தில் இவர் வலை, நாளைக்கு அடுத்தவர் வலை என்று கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பெயர் பாடு. பாடு வந்தவன் போயாக வேண்டும். போகாவிட்டால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இதில் பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேச்சே கிடையாது. அந்தப் பக்கம் கோட்டைக்குப்பம் வரைக்கும் எங்கள் நியாயத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைதான் எங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது.

அந்த வருஷம் முகத்துவாரம் மணல் ஏறி அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இறாலும் வரவில்லை. சுத்து வலையை இழுத்தால் பாசியும் நண்டுக் குஞ்சும்தான். அப்போது வந்து இறங்கினாள் அவள். சுண்ணாம்புக்குளத்தில் வாக்கப்பட்டவள், எங்கள் நைனாவுக்கு, அதுதான் அப்பாவுக்கு, தங்கை முறை. அதனால் எங்களுக்கு அத்தை. வந்ததும் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆந்திரா பக்கம் இறால் உரிக்கிற ஷெட்டு. வெயிலு கெடையாது, மழ கெடையாது, நிழல்ல உக்காந்து செய்ற வேலை. துன்ன சோறு, தங்க எடம் எல்லாம் அவங்களே பாத்துக்குறாங்க. சீசன் முடிஞ்சா நானே இட்டாந்து வுட்டுர்றேன்."

சொன்னது மட்டுமல்ல, வருகிறோம் என்று தலையாட்டிய வீடுகளில் அன்றைக்கே ஒரு அரிசி மூட்டையையும் இறக்கினாள். அப்புறம் கேட்க வேண்டுமா? எங்கள் வீட்டுப் பெண், உங்கள் வீட்டுப் பெண் என்று தெருவில் சண்டை. சண்டையைத் தீர்க்கப் பெரியதனக்காரர், அதாவது ஊர்த் தலைவர், கோயிலில் கூட்டம் போட்டார். மீனுக்கு எப்படியோ அப்படியே வேலைக்கும் பாடு போட்டுவிடுவோம் என்றார். முதல் பாட்டில் ஆறு வீடு, அவர்கள் வந்ததும் அடுத்த பாட்டில் ஆறு வீடு. ஊரே அதை நியாயம் என்றது. பெண்பிள்ளைகளைச் சீட்டுப் போட்டு அனுப்பிய ஊர் வேறு எங்காவது உண்டா என்று இப்போது யாராவது கேட்டால், எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது.

முதல் பாட்டில் எங்கள் எதிர்வீட்டு அண்ணியும் போனாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வாய் என்றால் வாய். புருஷனைக் கூப்பிடுவதென்றால் "பேமானி" என்றுதான் தொடங்குவாள். அவனும் சிரித்துக்கொண்டே வருவான். இரண்டு பிள்ளைகளையும் அவனிடம் விட்டுவிட்டு வேனில் ஏறும்போதுகூட, "சோறு பொங்கிப் போடு, சாராயக் கடைல போய் வுழுந்தேன்னா காலை ஒடச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். அதுவும் அவர்கள் போன் இல்லை, யாரோ சூப்பர்வைசருடையது. அவள் புருஷன், எங்களுக்கு எதிர்வீட்டு அண்ணன், ஸ்பீக்கரில் போடுவான், நாங்களும் போய் நிற்போம். அண்ணி சொல்வாள்: "நல்லா இருக்கேங்க. சாப்பாடு நல்லா போடுறாங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?" அடுத்த வீட்டுக்குப் பேசியவளும் அதையே சொன்னாளாம். அதற்கடுத்த வீட்டுக்கும் அதே. அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னாம்மா இது, என்ன போய் வாங்க போங்கன்றா" என்றான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாவது பாட்டுக்குச் சீட்டு எடுத்தார்கள். எங்கள் வீடு வந்தது. நான் புருஷன் வீடு சரிப்படாமல் நைனாவோடு இருந்தேன், அது வேறு கதை. எனக்கு உள்ளூர் இறால் ஷெட்டில் வேலை இருந்ததால், என் தங்கச்சிதான் போக வேண்டும் என்று ஆனது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். புதுச் செருப்பு வாங்கித் துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரே மஜா. நான் நைனாவிடம் குதித்தேன். போகக் கூடாது, அந்தப் பொம்பளை பேச்சும் போனில் கேட்கிற பேச்சும் சரியில்லை என்றேன்.

நைனா கையிலிருந்த வலையை மடித்து வைத்தார். பிறகு, "நாம போவலைன்னா பக்கத்து வூட்டுப் பொண்ணு போவும். நம்ம பாட்ட அவுங்க தலைல கட்றதா? அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்றார். அவர் சொன்னதும் பொய் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் இன்னும் சின்னவள். நல்ல மனிதர்களைச் சிக்க வைக்க நல்ல குணமே போதும்.

அந்த வாரம் நான் வேலை பார்த்த ஷெட்டுக்குக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். எங்கள் பக்கம் இறால் இல்லாததால், எங்கள் ஷெட்டில் ஏரியின் வடகரை இறாலை வாங்கித் தரம் பிரித்து, ஐஸ் போட்டு அனுப்புவோம். அது எங்கோ போய் உரிபட்டு, பாக்கெட்டில் அடைபட்டு, கப்பலேறி வெளிநாடு போகும். அங்கே வாங்குகிறவர்கள், வேலை செய்கிறவர்களை யாரும் கட்டாயப்படுத்துகிறார்களா என்று பார்த்துவரச் சொல்லி ஆள் அனுப்புவார்களாம். முந்தின நாளே எங்களுக்குப் புதுக் கையுறையும் தலைக்குத் தொப்பியும் கொடுத்தார்கள். எங்கள் உரிமைகள் என்று சுவரில் போர்டு மாட்டினார்கள், அதுவும் ஆங்கிலத்தில். வந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் மேனேஜரே பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். திருடனையே சாவிக்குக் காவல் வைத்தது போல.

"உங்களை இங்கே யாராவது பூட்டி வைக்கிறார்களா?" என்று கேட்கச் சொன்னாள் அந்த அம்மா. இங்கே இல்லை, ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு பேர் இதே இறாலை உரிக்கப் போயிருக்கிறார்கள், அங்கே போய்ப் பாருங்கள், அவர்கள் போனைக்கூட வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நான் சொன்னது நீளம், மேனேஜர் சொன்னது குட்டை. அந்த அம்மா சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன். மேனேஜர் என் கையைப் பிடித்து, அந்த ஷெட் கம்பெனிக்குச் சொந்தமில்லை, காண்ட்ராக்ட்காரனுடையது, இவர்கள் பார்ப்பது இந்தக் கூரைக்குக் கீழே மட்டும்தான் என்றார். ஏரி ஒன்று, இறால் ஒன்று, கூரைதான் வேறாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அத்தை உட்கார்ந்திருக்கிறாள். தங்கச்சி அவளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, வெளியூர்க்காரங்க கைல ஏதோ சொன்னியாமே" என்றாள் என்னைப் பார்த்து. குரலில் கோபமே இல்லை. தங்கச்சியின் முடியை ஒதுக்கிவிட்டபடி, "இவள நான் நல்லா பாத்துக்குறேன். நீ ஒண்ணும் கவலப்படாத" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட நான் தூங்கியிருப்பேன்.

வேன் வந்த அன்று ஊர் முழுவதும் கோயில் முன்னால் நின்றது. ஆறு வீட்டுப் பைகளும் வரிசையாக இருந்தன. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெரியதனக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"இது பாடுதானே?" என்றேன்.

"பாடுதான்" என்றார்.

"மொதப் பாட்டுக்காரன் வலைய எடுத்துக்கினு கரையேறாம, ரெண்டாம் பாட்டுக்காரன் வலை எறக்கலாமா?"

இறக்கக் கூடாது. அது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பெரியதனக்காரர் தாடையைத் தடவினார். பொம்பளை சொன்னாலும் சொன்னது சரிதான், முதலில் போனவர்களைக் கொண்டு வந்து விட்டுவிட்டு இவர்களைக் கூட்டிப் போ என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. வேன் காலியாகத் திரும்பிப் போனது. தங்கச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரமே அத்தை அவர்களைக் கொண்டு வந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. இறங்கி வரிசையாக நின்றார்கள். கேட்டதற்கெல்லாம் நல்லா இருக்கோம் என்றார்கள். ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

"எங்க வூட்டுது எங்க?" என்றான் எதிர்வீட்டு அண்ணன்.

"அவளுக்கு அங்க ரொம்பப் புட்ச்சிப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்னுட்டா. நீங்க ஏறுங்கம்மா, நேரமாவுது" என்று அத்தை பைகளைத் தூக்கினாள்.

தங்கச்சி அந்த ஐவரில் ஒருத்தியின் கையைப் பிடித்தாள். முந்தானைக்குள் வைத்திருந்த கையை அவள் வெடுக்கென்று இழுத்தாள். இழுத்தபோது துணி விலகியது. விரல் நுனிகளில் தோலே இல்லை. ஐஸ் தண்ணீரிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறி, வெந்தது போலிருந்தது. என் தங்கச்சி தன் பையை எடுத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள்.

நான் அந்தப் பெண்ணை அணைத்துக்கொண்டு, அண்ணி எங்கேடி என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு காதில் சொன்னாள். "கேட்டுக் கதவ எப்பவும் பூட்டியே வெச்சிருப்பாங்க. அண்ணி மட்டும் தொறடா, தொறடான்னு கத்திக்கினே இருந்துச்சு. ஒரு நாள் அண்ணிய மட்டும் வேற வண்டில ஏத்திட்டாங்க." வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.

அண்ணன் அத்தையின் போனைப் பிடுங்கினான். காண்ட்ராக்ட்காரனுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். எதிர்ப்பக்கம் ஒருவன் தெலுங்கு கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னான்: "புது ஆளுங்க வந்துடட்டும் அண்ணா. வந்தா பழைய ஆள அனுப்புறேன்."

ஊர் முழுக்கக் கேட்டது. அண்ணன் என் தங்கச்சியைப் பார்த்தான். பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான். நான் தங்கச்சியின் மணிக்கட்டை விடவே இல்லை.

பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாட்டுக்குப் போன படகு திரும்பலைன்னா ஊரே தேடப் போவும். அது திரும்புற வரைக்கும் ஒருத்தரும் வலை எறக்காதீங்க" என்றார். அதே வேனில் ஏறினோம், ஓட்டுபவனை மிரட்டி வழி கேட்டுக்கொண்டே போனோம். மதியத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தோம். தென்னந்தோப்புக்கு நடுவே நீளமான தகரக் கூரை. கேட் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. உரித்த தோல் கூடை கூடையாகக் கிடந்தது. மேசைகளில் ஐஸ் இன்னும் உருகியிருக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு அறையாகப் போய், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த ஊரிலும் எங்கள் ஊரிலும் போலீசில் எழுதிக் கொடுத்தோம். அத்தையைப் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள். தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். என் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். ராத்திரி அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது, அந்த நிம்மதியே எனக்கு அசிங்கமாகவும் இருக்கிறது.

ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, கொஞ்ச நாள் வரைக்கும். படகுகள் கரையில் காய்ந்தன. பிறகு முகத்துவாரம் திறந்தது, ஏரியில் இறால் துள்ளியது, வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பெரியதனக்காரரிடம் போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு விடிகாலை, யாரையும் கேட்காமல், முதல் படகைத் தண்ணீரில் தள்ளியவன் எதிர்வீட்டு அண்ணன்தான். இரண்டு பிள்ளைகளும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவன் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தள்ளினார்கள். எங்கள் நைனாவும் தள்ளினார்.