செல்வி, பட்டன்

திருத்தங்கல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் பட்டாசு ஆலை விபத்தில் கண் போயிருந்தது. தழும்பேறிய விரல் தொட்டதையெல்லாம் அவருடைய போன் வாசித்துச் சொன்னது. "மாரியம்மா, பட்டன். செல்வி, பட்டன்."

"யாருக்கா இவுகல்லாம்?"

"இந்த ஆப்புல வெறும் படந்தானாம் தம்பி. 'பெயரில்லாத பட்டன்'னே போனு சொல்லிக்கிட்டிருந்துச்சு. நாமளே பேரு வைக்கலாம்னாக. வெடிச்ச அன்னைக்கு என்கூட வெடிக்கு மருந்து செலுத்துனவுக யாரும் இப்ப இல்ல. அவுக பேர வச்சுட்டேன். செல்வியத் தொட்டா முந்தின பக்கத்துக்குப் போயிரும்."

ஐகான் ஃபான்ட் என்னும் பட எழுத்துருவிலிருந்து பட்டன் படங்களை எடுத்து ஆப்களில் பதிப்பதுதான் என் வேலை. இப்போதெல்லாம் எந்தப் படத்தையும் போன் வாசிக்க ஒரு பெயர் எழுதாமல் விடுவதில்லை. ஆனால் குப்பைத்தொட்டிப் படம் வந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது. 'அழி' என்று நான் எழுதும் அந்த இடத்துக்கு அவர் யார் பெயரை வைத்திருப்பார்?