தெருமுனையில் என் மறைவு

அந்த அமெரிக்கக் கவிஞரின் வாழ்க்கையை நான் ஆராயத் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. நதிக்கரை ஊரொன்றில், வாடகை அறையில் தனியாக இருந்த பெண். கடைசி வருடம் அந்தம்மா யாரையும் பார்க்கவில்லை, வந்த கடிதம் எதற்கும் பதில் போடவில்லை. வாசலில் பால் பாட்டில்கள் சேர்ந்த பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. சாகும்போது நாற்பத்தொன்பது வயது. எனக்கும் இப்போது அதே வயது. அவனியாபுரம் மாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். எழுமலையிலிருந்து அம்மா கூப்பிட்டால் எடுப்பதில்லை. முடித்துவிட்டுப் பேசலாம் என்ற திமிர்.

அந்தம்மாவின் நினைவு நாள் வந்தது. மாலையில் கல்லூரியில் பேச வேண்டும். விடிந்ததும் ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் எங்கள் இருவர் படம், பேசுபவள் என்பதால் என் பெயர், பேனரைக் கொடுக்க என் விலாசம், அந்தம்மா இறந்த நாளுக்கு 'மறைவு' என்று அன்றைய தேதி எல்லாம் அனுப்பினேன். வருடம் போடவில்லை. என்ன கூட்டம் என்று ஒரு வரி எழுதக்கூடச் சோம்பல்.

பத்து மணிக்குக் கீழே இறங்கினேன். படியில் நேற்றைய பால் பாக்கெட்டும் எடுக்காமல் கிடந்தது.

தெருமுனையில் ஆள் உயரத்துக்கு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. மறைவு, இன்றைய தேதி, இந்த வருடம். கீழே, துக்கப்படும் உறவினர்களைப் போடும் இடத்தில், அந்தம்மா மட்டும் சின்னதாக. எனக்கென்று அழ அவர் ஒருவர்தான் இருந்தார்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. மறைவுன்னு இன்னைக்குத் தேதி இருந்துச்சு. சாவு வேலையத் தள்ளிப்போடக் கூடாதுன்னு ஒடனே அடிச்சுட்டேன்."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே, தம்பி."

"துக்க வீட்டுல எப்படிக்கா கேக்குறது? இங்க தெருவுல விசாரிச்சேன். ஆமா, ரொம்ப நாளா ஆளக் காணோம்னுதான் சொன்னாங்க."

ஒருவர்கூட மாடியேறிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு நானும் வாழ்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா ரோஜா மாலையோடு வந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் ஓரடி பின்னால் வைத்தார்.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் கழித்து எடுத்தார். "அம்மா" என்றேன்.

கேட்கவில்லையோ என்று, "அம்மா, நான்தான்" என்று இன்னொரு தடவை சொன்னேன்.

"யாருங்க பேசுறது?" என்று கேட்டார்.