பூனைக்கு அடித்த ஹாரன்

என் கணவருக்கு இரண்டு மனைவிகள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். நான் இளையவள். மூத்தவள் எங்கள் மூலை வீட்டை ஒட்டிய காலி இடத்தில் நிற்பாள், வெள்ளை உடம்பில் நீலக் கோடு போட்ட பேக்டரி பஸ். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போக நேரம் இருக்காது, அவளைக் குளிப்பாட்ட மட்டும் நேரம் இருக்கும். அந்த வயிற்றெரிச்சலில் நான் ஒருநாளும் அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததில்லை.

உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து செனாய் தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிப்போவதுதான் இவருடைய வேலை. அந்தப் பெண்கள் கடிகாரம் பார்த்துக் கிளம்பியதில்லை. விடிவதற்கு முன்னால் இவர் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவார். அந்த உறுமல் கேட்டால் குளித்துச் சோறு கட்ட நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் இரண்டு குட்டி ஹாரன். அது கேட்டுவிட்டால் தலை வாரியும் வாராமலும் ஓடிவர வேண்டியதுதான்.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே அடங்கியபோது பஸ்ஸும் நின்றது. பஸ் முதலாளி சீனர், தவுக்கே என்று கூப்பிடுவோம். சம்பளத்தைப் பாதியாக்கினார், பிறகு அதுவும் இல்லை என்றார். சும்மா சொல்லக்கூடாது, அவர் பிழைப்பும் நாறித்தான் கிடந்தது. போனில் இவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். தினமும் எஞ்சினை ஓடவிடு, வண்டி சாகாமல் இருந்தால் யாராவது வாங்குவார்கள், உன்னையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றார். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? எங்கள் சோறு அந்த எஞ்சினில்தான் இருந்தது.

அதனால் இவர் தினமும் பழைய நேரத்துக்கே எழுந்து போவார்.

"யாருங்க காத்துக்கிட்டு இருக்கா? விடிஞ்ச பொறவு போனா உங்க மூத்த சம்சாரம் கோவிச்சுக்குவாளா?" என்பேன்.

"வண்டிக்கு நேரம் தெரியும்லா," என்பார்.

எஞ்சின் உறுமும். ஒரு கதவும் திறக்காது. ஹாரன் அடிக்காதவரை வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

பின்வரிசை வீட்டில் ஒரு பெண். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் மூன்று. இவரை அண்ணே என்பாள், என்னை அக்கா என்பாள். டிரைவர் சீட்டுக்கு நேர்பின்னால் இருக்கும் இடம் அவளுடையது. வெள்ளிக்கிழமை என்றால் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முருகன் படத்துக்குப் பூ கொண்டுவருவாள். அவளிடம் இருந்த ஒரே போனைப் பிள்ளைகள் பாடத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் கீழே விழுந்து உடைந்துபோனது.

ஒரு வியாழன் சாயங்காலம் செனாயிலிருந்து இன்னொரு டிரைவர் இவரைப் போனில் கூப்பிட்டார். பேக்டரி திறக்கப்போகிறது, ஆனால் நம் பெண்கள் வேலை செய்த பிரிவையே மூடிவிட்டார்கள், ஆட்களுக்குப் போனில் செய்தி அனுப்பியாயிற்று என்றார். இவர் அன்று சாப்பிடவில்லை.

"பின்வரிசைப் புள்ளைக்குப் போனு இல்லையே, நாளைக்கு நீ போய்ச் சொல்லிடு," என்றார்.

"நான் மாட்டேன். நீங்க சொல்லுங்க."

அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

மறுநாள் வழக்கம்போல் எஞ்சினை ஓடவிட்டார். டயர் அமுங்காமல் இருக்க வண்டியை ஓரடி நகர்த்தலாம் என்று பார்த்தால், பஸ்ஸுக்கு அடியில் தெருப்பூனை ஒன்று படுத்திருந்தது. பஸ் ஓடாத இத்தனை நாளில் அதற்கு அது சொந்த வீடாகிவிட்டது. தட்டினார், உஸ் உஸ் என்றார். அது அசையவில்லை. ஏறி உட்கார்ந்து இரண்டு ஹாரன் அடித்தார். பூனை ஓடிவிட்டது.

நான் அடுப்படியில் இருந்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்தேன். கோப்பியோடு வெளியே வந்தால், அவள் வந்துகொண்டிருக்கிறாள். நீல யூனிபார்ம், முகக்கவசம், ஈரத் தலை, கையில் சோற்று டப்பா. கடையில் பூ ஏது? தன் வீட்டு வேலியில் இருந்த செம்பருத்தி ஒன்றைப் பறித்திருந்தாள். பஸ்ஸில் ஏறி அதை முருகன் படத்தில் செருகிக் கும்பிட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, பாத்தீங்களா, இன்னைக்கு நான்தான் மொத ஆளு! மத்தவங்கள்லாம் எங்க? தூங்கியே பழகிட்டாங்களா?"

இவர் திரும்பவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஊர் வாயை அடக்கும் வாய் எனக்கு. அன்று கோப்பியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இவர் கையை நீட்டி எஞ்சினை அணைத்தார்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"தங்கச்சி... பூனைக்கு ஹாரன் அடிச்சேம்மா."

"அலமாக், என்னண்ணே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் இவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "அப்போ எப்ப கூப்புடுவாங்க?"

"உங்க லைனையே மூடிட்டாங்கம்மா. இனிமே கூப்புட மாட்டாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவன எழுப்பிச் சொல்லிட்டு வந்துட்டேண்ணே, அம்மா வேலைக்குப் போறேன்னு. அவன் எந்திரிச்சு நின்னு கை காட்டுனான். இப்ப எப்படி வீட்டுக்குள்ள போவேன்? கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேனே."

நான் பஸ்ஸில் ஏறினேன். அத்தனை வருஷத்தில் முதல்முறை. இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்ற காலம் அது, அதனால் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தேன். கோப்பியைக் கொடுத்தேன். குடிக்கவில்லை. வெளிச்சம் வந்து, அங்கங்கே கதவு திறக்கும் சத்தம் கேட்டபிறகுதான் எழுந்தாள். "வரேன்க்கா," என்று சொல்லிவிட்டு, பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து இவர் எஞ்சினைத் தொடவில்லை.

"ஹாரன் அடிக்காம ஸ்டார்ட்டு மட்டும் பண்ணலாமே," என்று கேட்டுப் பார்த்தேன்.

"அந்தப் புள்ள படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கும்," என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்வது? தவுக்கே போன் செய்யும்போதெல்லாம் ஓடவிட்டேன், ஓடவிட்டேன் என்று வாய்கூசாமல் பொய் சொன்னார்.

கட்டுப்பாடு தளர்ந்தபின் தங்காக்கிலிருந்து ஒருவர் வந்தார். பஸ்ஸும் வேண்டும், டிரைவரும் வேண்டும் என்றார். சாவியைத் திருகினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடியில் எண்ணெய் ஒழுகிக் கிடந்தது, டயர்கள் அமுங்கியிருந்தன. இத்தனை மாதம் தூங்கிய வண்டியை நம்ப மாட்டேன் என்று போய்விட்டார். எனக்கு நெஞ்சு வெடித்தது. ஆனால் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை, அந்தக் காலையில் நானும்தானே அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் பஸ் பழைய இரும்புக்குப் போனது. இழுத்துப்போக விடியற்காலையிலேயே லோரி வந்துவிட்டது. இவர் முருகன் படத்தை மட்டும் உரித்து எடுத்தார். அதன் ஓரத்தில் சருகான செம்பருத்தி ஒட்டிக்கொண்டிருந்தது. சங்கிலி மாட்டி, லோரி எங்கள் மூலையில் திரும்ப முயன்றது. எதிரே ஒரு மோட்டார்சைக்கிள் வழியை மறித்து நின்றது. லோரிக்காரர் ஹாரனில் கை வைக்கப் போனார்.

இவர் படத்தை என் கையில் திணித்துவிட்டு லோரிக்கு முன்னால் ஓடினார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அடிக்காதே அடிக்காதே என்று மலாயில் கெஞ்சினார். பிறகு அவரே போய் அந்த மோட்டார்சைக்கிளைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார்.

பஸ் சத்தமில்லாமல் போனது. பின்வரிசை வீடுகளில் ஒரு கதவும் திறக்கவில்லை.