தூங்கி எழுந்த தராசு

பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் கம்பனி. கம்பனி என்றால் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, நான். பொறுப்பாளர் கொழும்பில் இருந்துகொண்டு போனில் பேசுவார். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மின்தராசு எங்கள் தயாரிப்பு. அதற்குள் ஓடும் சின்னக் கணினியின் கேர்னலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கேர்னல் என்றால் எல்லா நிரல்களுக்கும் அடியிலிருந்து நினைவகத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும் நிரல். ஹாலிஎலயில் என் அம்மாவிடம் யாராவது கேட்டால், "மக தராசு ரிப்பேர் பண்ணுது" என்பார். திருத்தித் திருத்தி அலுத்து, இப்போது நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்திலிருந்து முறைப்பாடு வந்தது. ஒரு பெண் எடுக்கும் கொழுந்து இன்னொரு பெண்ணின் பேரில் விழுகிறதாம். தினமும் இல்லை, இடைக்கிடை. இந்த 'இடைக்கிடை' இருக்கிறதே, எங்கள் தொழிலில் அதைவிடக் கேடுகெட்ட சொல் கிடையாது. தினமும் வரும் பிழையைப் பிடித்துவிடலாம்.

பஸ் ஏறிப் போய், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் உட்கார்ந்தேன். பகல் சங்கு ஊதியதும் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். தராசில் கொழுந்தை வைத்துக் கார்டைக் காட்டினால் திரையில் பேரும் கிலோவும் வரும். வரிசை மளமளவென்று முடிந்தது. எல்லோரும் சாப்பிடப் போய் மடுவம் வெறிச்சோடிய பிறகு ஒருத்தி மட்டும் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கைக்குழந்தைக்காரி. சங்கு ஊதியதும் முதலில், குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு, பிறகு வந்து நிறுப்பாள். பச்சைப்பிள்ளைக்காரிகளுக்குத் தோட்டத்தில் உள்ள வழக்கம் அது. என் அம்மாவும் எனக்காக அப்படி ஓடியவர்தான்.

கார்டை வைத்தாள். திரையில், கடைசியாக நிறுத்துவிட்டுப் போன பெண்ணின் பேர் வந்தது.

"பாருங்க மிஸ், என் பேரு வரல."

நிறுவையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்கக்கூட இல்லை. "ரெண்டு பேரும் கார்ட மாத்திக்கிட்டு வந்து வெளையாடுறாளுக. நேத்துச் சரியாத்தானே காட்டுச்சு?"

"நான் ஏங்க மாத்தப் போறேன்? கார்டு என் கழுத்துலதானேங்க தொங்குது!"

அவள் பொய் சொல்லவில்லை என்று என் கண்ணாலேயே பார்த்தேன். சொன்னேன், மெஷினில்தான் கோளாறு என்று. கணக்கப்பிள்ளை சிரித்தார். மறுநாள் தோட்டத்து ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது: சங்கு ஊதினால் எல்லோரும் ஒன்றாக நிறுக்க வேண்டும், நிறுத்த பிறகுதான் பிள்ளைக்காம்பராவுக்குப் போகலாம். அவளுக்கு இதன் அர்த்தம் என்னவென்று கணக்குப் போடத் தெரியாதவர்கள் போட்ட உத்தரவு. வரிசை முடிந்து அவள் மேட்டில் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பகல் நேரம் முடிந்துவிடும். அதுவரை பசியில் கத்தும் குழந்தைக்கு ஆயா மாப்பால் கரைத்துப் போத்தலில் கொடுத்துவிடுவாள்.

உத்தரவுக்குப் பிறகு பிழை ஒரு தடவைகூட வரவில்லை. பொறுப்பாளருக்கு மகிழ்ச்சி. யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர், கோபமே வராது. அதனாலேயே எனக்குக் கோபம் வரும்.

"பிள்ளை, ஒருத்தரும் பிந்தி வாறேல்லை எண்டால் பிழையும் வராதுதானே? பிறகேன் மினக்கெடுறீர்?"

"பிழை உள்ளுக்குத்தான் சேர் இருக்கு. அந்தப் பொம்பளதான் அதுக்காக அலையுறா."

"சரி, வேற வேலையளோட சேர்த்துப் பாரும்."

வேறு வேலைகளோடு சேர்த்துப் பார்த்தேன். அதாவது, அன்றைய வேலை முடிந்த பிறகு இருக்கும் மிச்ச மூளையை வைத்துக்கொண்டு பார்த்தேன். தராசு ஒன்றை மேசையில் வைத்து, கார்டைக் காட்டுவது, அது தூங்கும்வரை காத்திருப்பது, மறுபடி காட்டுவது. வாரக்கணக்கில் இதே பாடு. கீழ்க்கடை முதலாளி படியில் பார்த்தால், "என்ன மகள், தராசுக்கு இன்னம் சொகமில்லையா?" என்று கேலி செய்வார். எனக்கே சுகமில்லை முதலாளி என்று சொல்லத் தோன்றும்.

விஷயம் இதுதான். ஒரு நிரல் கேட்கும் முகவரி, நினைவகத்தில் உள்ள உண்மையான இடம் அல்ல. எந்த முகவரிக்கு எந்த இடம் என்ற அட்டவணை கேர்னலிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைப் புரட்டினால் நேரமாகும் என்று, செயலி அண்மையில் பார்த்தவற்றைத் தன்னிடமே குறித்து வைத்துக்கொள்ளும். எங்கள் தராசின் செயலிக்கு இரண்டு மூளை. இரண்டும் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கும். ஓர் இடத்தைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுக்கும்போது அட்டவணையை மாற்றினால் மட்டும் போதாது. 'பழைய குறிப்பை அழி' என்று மற்ற மூளைக்குச் சொல்லி, 'அழித்துவிட்டேன்' என்று பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காவிட்டால் அது பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஒரு எச்சரிக்கையும் வராது. இன்னொருத்தி பேரில் கிலோ ஏறும், அவ்வளவுதான்.

மற்ற மூளை தூங்கினால் என்ன செய்வது? எழுப்பினால் பெட்டரி தீரும். எனவே எழுப்பாமல், 'எழுந்ததும் அழி' என்று ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போகலாம். தப்பில்லை. ஆனால் எழுந்தவன் முதலில் 'எழுந்துவிட்டேன்' என்று அறிவிக்க வேண்டும், அதன் பிறகே அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் நிரலில் எந்தப் புண்ணியவானோ இதைத் தலைகீழாக எழுதி வைத்திருந்தான். முதலில் பார்ப்பது, பிறகு அறிவிப்பது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கண்ணிமைப்பில் அடையாளம் வைக்கப்பட்டால், இவன் ஏற்கெனவே பார்த்து முடித்திருப்பான். வைத்தவனோ, இவன் இன்னும் தூங்குகிறான் என்று நம்பி இடத்தைக் கைமாற்றிவிடுவான்.

வரிசை ஓயாமல் நகரும்போது எதுவும் தூங்காது. வரிசை முடிந்து தராசு கண்ணயர்ந்த பிறகு தனியாக வந்து கார்டை வைப்பவளுக்குத்தான் இது நேரும். அவள் கார்டு பட்டதும் ஒரு மூளை, முன்னவளின் பதிவை மூடி இடத்தை விடுவிக்கும். அதே நேரம் மற்றது கண்விழிக்கும். பால் கொடுத்துவிட்டு வந்தவளுக்கென்றே செய்து வைத்தாற்போல் ஒரு பிழை. கண்டுபிடித்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது, களைப்பில்.

இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். செயலி தன் பாட்டுக்கு அந்த வரிசையைக் குழப்பிவிடாதபடி நடுவில் ஒரு தடை போட்டேன். சோதித்துக் காட்டி, பொறுப்பாளரைச் சம்மதிக்க வைத்து, தோட்டத்து ஆபீஸுக்குப் போய்ப் பேசி உத்தரவையும் மாற்ற வைத்தேன். தோட்டத்தை நடத்தும் துரை பெரிய மனது பண்ணுவதுபோல், "சரி, பழையபடி வரச் சொல்லுங்க" என்றார். நாசமாய்ப் போகட்டும், சம்மதித்தாரே என்று இருந்தது.

மடுவத்துக்கு இறங்கிப் போனபோது பகல் சங்கு ஊதியிருந்தது. அவள் வரிசையின் நடுவில் நின்றாள். அருகே போய்ச் சொன்னேன், இனிமேல் பிள்ளையிடம் போய்விட்டு ஆறுதலாக வரலாம், கிலோ சரியாக விழும், ஆபீஸில் பேசிவிட்டேன் என்று. சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

"இப்ப எதுக்குங்க மிஸ்?" என்றாள். "பாலு வத்திப்போச்சு. நெஞ்சுல வச்சா மொகத்தத் திருப்பிக்குது. போத்தலுதான் வேணுங்குது."

வரிசை நகர்ந்தது. அவள் கொழுந்தை வைத்துக் கார்டைக் காட்டினாள். அவள் பேர் வந்தது, கிலோ வந்தது. திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க மிஸ் அழுவுறீங்க? மெஷினு சரியாத்தானேங்க இருக்கு?"