ஒளித்து வைத்த வட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் கணவரும் ஃப்ரிட்ஜ் வாங்குவதற்காகத் தர்மபுரிக்குப் போனோம். எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். நான் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவர் பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து வேனில் தக்காளி லோடு ஓட்டுகிறார்.

ஃப்ரிட்ஜ் எங்களுக்கு ஆடம்பரமில்லை. ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின் போட வேண்டும். மருந்தை எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தோம். நல்ல மனிதர்கள், முகம் சுளித்ததே இல்லை. ஆனால் ஒருநாள் அவர்கள் அவசரமாக ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் நானும் மகளும் நின்றோம். என் கணவர் வேனை எடுத்துக்கொண்டு பறந்து போய்ப் புது மருந்து வாங்கி வருவதற்குள் என் உயிர் போய் வந்தது. இனி எப்பாடுபட்டாவது நம் வீட்டிலேயே ஃப்ரிட்ஜ் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

கடையில் எங்களைக் கவனித்த விற்பனையாளருக்கு முப்பது வயதிருக்கும். அன்பாகப் பேசினார். எதற்காக வாங்குகிறோம் என்று நானே வெள்ளந்தியாகச் சொன்னேன். பாதி விலைக்குக் கையில் பணம் இருந்தது. மீதியை மட்டும் தவணையில் கட்டலாம் என்பது எங்கள் கணக்கு.

"கையில இருக்கற காச எதுக்குங்கக்கா செலவு பண்றீங்க? பாப்பா மருந்துக்கு வெச்சுக்கங்க. எங்க கடை கார்டு போட்டுக்கங்க. ஒரு வருஷத்துக்கு வட்டியே இல்லீங்க" என்றார்.

நான் ஏமாளி இல்லை. "வட்டி இல்லன்னா வேற ஏதாச்சும் பேர்ல போடுவீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லீங்கக்கா. மாசாமாசம் மெசேஜ்ல ஒரு தொகை வரும். அத தேதி தவறாம கட்டிக்கிட்டே வாங்க. அவ்ளோதான்."

அவருடைய செல்போனில் ஆங்கிலத்தில் ஏதோ பக்கம் பக்கமாக ஓடியது. அவர் கட்டைவிரலாலேயே தள்ளிக்கொண்டே போனார். என் போனுக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டார், சொன்னேன். கார்டு தயார். மறுநாளே ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. மகள் தன் மருந்தைத் தன் கையாலேயே உள்ளே அடுக்கினாள்.

அதன்பிறகு ஒரு மாதம்கூட நான் தவறவில்லை. பள்ளியில் சம்பளம் தள்ளிப்போன மாதங்களிலும், தக்காளி விலை விழுந்து அவருக்கு லோடே கிடைக்காத மாதங்களிலும் மெசேஜில் கேட்ட தொகையைத் தேதிக்கு முன்பே கட்டினேன். வருடம் முடிந்தபோது இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதுதான் அவர்களே கேட்கிறார்களே, வழக்கம்போல் கட்டி முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

அடுத்த மாதம் வந்த மெசேஜை இரண்டு முறை படித்தேன். பாக்கியோடு ஒரு பெரிய தொகை கூடியிருந்தது. ஃப்ரிட்ஜ் விலையில் கால் பங்குக்கும் மேல்! வேறு யாருடைய கணக்கோ என் எண்ணுக்கு மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கார்டு கம்பெனிக்குப் போன் செய்தேன். இயந்திரக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்த பிறகு ஒரு பெண் தமிழில் பேசினாள். அவள் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. வட்டி இல்லை என்பது பொய். வாங்கிய நாளிலிருந்தே முழு விலைக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு வருடம் அதைக் கேட்காமல் ஓரமாக வைத்திருக்கிறார்கள். வருடத்துக்குள் மொத்தக் கடனும் அடைந்தால் வட்டி தள்ளுபடி. கடைசி நாளில் ஒரு ரூபாய் மிச்சம் இருந்தாலும் மொத்த வட்டியும் நம் தலையில்.

"அப்ப மாசாமாசம் நீங்க கேட்ட தொகைய கட்டுனா வருஷத்துக்குள்ள கடன் முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியாது மேடம். அது மினிமம் மட்டும்தான். கூட சேத்து நீங்கதான் கட்டியிருக்கணும். எல்லாம் டெர்ம்ஸ்ல இருக்கு மேடம்."

ஒழுங்காகக் கட்டியவள் நான். அவர்கள் கேட்டதைக் கேட்டபடி கட்டினால் மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தெரிந்தே அந்தத் தொகையைக் கேட்டிருக்கிறார்கள். கையிலிருந்த பாதிப் பணத்தை அன்றைக்கே கட்டியிருந்தால் கடன் எப்போதோ தீர்ந்திருக்கும். என் மகள் மருந்தைச் சொல்லி அதையும் தடுத்தார்களே!

"வுடு, கட்டித் தொலச்சிடலாம். நம்ம யார்கிட்ட போயி சண்ட போட முடியும்?" என்றார் கணவர். அசல் பாக்கியை மட்டும் உடனே கட்டினேன். வட்டியைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு தனியாகவே பஸ் ஏறினேன்.

கடையில் சித்திரைத் தள்ளுபடிக் கூட்டம். மேலாளர் நான் சொன்னதைப் பாதிகூடக் காதில் வாங்கவில்லை. "கார்டு வேற கம்பெனி மேடம். நாங்க பொருள் மட்டும்தான் விக்கறோம். படிச்சவங்க நீங்க, படிச்சுப் பாத்துட்டு ஓடிபி சொல்லியிருக்கணும்" என்றார்.

அப்போது பக்கத்து மேஜையிலிருந்து அதே அன்பான குரல் கேட்டது. "ஒரு வருஷத்துக்கு வட்டியே இல்லீங்கண்ணா." அதே விற்பனையாளர். எதிரே ஒரு விவசாயியும் அவர் மனைவியும் வாஷிங் மெஷின் வாங்க உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் கையில் மாவுக்கட்டு. கணவரின் செல்போன் மேஜைமேல் தயாராக இருந்தது.

நேராகப் போய் நின்றேன். "அண்ணா, அந்த நம்பரச் சொல்லாதீங்க. ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. மாசாமாசம் இவங்க கேக்கற தொகைய கட்டுனா வருஷத்துக்குள்ள கடன் தீருமா? தீரலன்னா என்ன ஆகும்?"

"மேடம், வியாபாரத்தக் கெடுக்காதீங்க" என்று மேலாளர் ஓடி வந்தார்.

அந்த விவசாயி அவரைப் பார்க்கவே இல்லை. விற்பனையாளரிடம், "தீருமாப்பா?" என்று கேட்டார்.

விற்பனையாளர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"கேக்கறாங்க இல்ல, சொல்லு தம்பி. வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றார் அந்த அம்மா.

விற்பனையாளர் மேலாளரின் முகத்தைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "முழுசா கட்டலன்னா மொதல்ல இருந்து வட்டி வருங்க" என்று முனகினார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. அந்தத் தம்பதி எழுந்துவிட்டார்கள். பின்னால் வரிசையில் நின்ற இருவரும் கலைந்தார்கள். போகும்போது அந்த அம்மா, கட்டுப் போடாத கையால் என் தோளைத் தொட்டு, "நல்ல வேளம்மா" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கார்டு கம்பெனிக்குப் புகார் எழுதினேன். கடையில் என்ன சொல்லி விற்றார்கள், நான் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று எல்லாவற்றையும் எழுதினேன். பதிலே இல்லை. மிரட்டும் போன்கள்தான் வந்தன, பள்ளி நேரத்திலும் வந்தன. விடவில்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். பல மாதங்கள் கழித்து ஒருநாள் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" வட்டியைத் தள்ளுபடி செய்கிறார்களாம்.

கணவர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்தார். நானும் சாப்பிட்டேன். ஆனால் 'நல்லெண்ணம்' என்ற அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் செரிக்கவில்லை. தப்பு நடந்தது என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஏதோ தானம் செய்துவிட்ட மாதிரி எழுதியிருந்தார்கள். கடையில் உட்கார்ந்து நான் நேருக்கு நேராகக் கேட்டபோது ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்குப் பேர் நல்லெண்ணம்; சண்டை போட்டு வாங்கிய என் நியாயத்துக்கு அந்தப் பேரை வைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.