பீரோ சாவியோடு இத்தாலிக்குப் போனேன்

2005 வாக்கில் நடந்தது இது. அப்போது நான் துபாய் தேராவில், டைல்ஸ் இறக்குமதி செய்து பதித்தும் கொடுக்கிற ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். விசா, லீவு, தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் எல்லாம் என் பொறுப்பு. எண்பது பேருடைய பாஸ்போர்ட்டும் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் இருக்கும். வேலைக்கு வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது முதலாளி கையெழுத்துப் போட்டால் திரும்பக் கிடைக்கும். அந்தக் காலத்தில் அங்கே பல இடங்களில் அதுதான் நடைமுறை. சரியா, தப்பா என்று நான் யோசித்ததே இல்லை. என் பாஸ்போர்ட்டும் ஒன்பது வருடமாக அதே பீரோவில்தான் கிடந்தது. சாவி மட்டும் என்னிடம். அதில் எனக்குக் கொஞ்சம் பந்தா உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

இத்தாலியில் போலோன்யா என்ற ஊரில் டைல்ஸ் கண்காட்சி. அரபி முதலாளி இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டார். சாம்பிள் பார்க்க என்னையும் வரச் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் முதல் ஐரோப்பா பயணம். கோட்டு வாங்கி, டை கட்டப் பழகி, ஒரே அமர்க்களம். நான் கிளம்பும் நாள் காலையில், அஜ்மான் கேம்பிலிருந்து டைல்ஸ் பதிக்கிற ஆள் ஒருவர் வந்து நின்றார். பெரம்பலூர் பக்கம். அதிகம் பேசாதவர்.

"சார், அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வரலையாம். திருச்சி ஆஸ்பத்திரில சேத்துருக்காங்க. பாஸ்போர்ட்ட குடுத்தீங்கன்னா இன்னைக்கே கெளம்பிருவேன்" என்றார்.

முதலாளியின் கையெழுத்து இல்லாமல் கொடுத்துப் பழக்கமில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கோ விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நாலே நாளில் வந்துவிடுவேன், வந்ததும் முதல் வேலையாகப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பீரோவைப் பூட்டினேன். சாவியை யாரிடமும் நம்பிக் கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. அது என் பேன்ட் பையில் இத்தாலிக்கு வந்தது.

கண்காட்சிக் கூட்டத்தில் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. முதலாளிக்கு ஒன்றில் இடம் கிடைத்தது. எனக்கு ஒரு சந்துக்குள் இருந்த சின்ன ஹோட்டல். முந்நூறு வருடத்துப் பழைய வீடாம், மொத்தமே பன்னிரண்டு அறை. வாசலில் போர்டு கூட விரலளவுதான். இரண்டு முறை அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே கவுன்டர் கிடையாது. யார் வீட்டு ஹாலுக்குள்ளோ நுழைந்துவிட்டோம் என்று வெளியே வரப் பார்த்தேன். ஒரு மர மேஜை, ஒரு விளக்கு, நாற்காலியில் தூங்குகிற பூனை. மேஜைக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி.

அவர் பாஸ்போர்ட் கேட்டார், கொடுத்தேன். போலீஸுக்கு விவரம் அனுப்ப வேண்டுமாம், ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் மறுபடியும் நீட்டினார். நான் மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தங்குகிற இடத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைப்பதுதானே மரியாதை! என்னை நம்பவில்லையோ, அறை இல்லை என்கிறாரோ என்று எனக்குக் குழப்பம். இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று அவருக்குக் குழப்பம். கடைசியில் தோளைக் குலுக்கிவிட்டு டிராயரில் போட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அறையிலும் குழப்பம்தான். கதவில் நம்பர் இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு பறவை வரைந்திருந்தது. என்னுடையது கொண்டலாத்தி. மறந்துபோய் ஆந்தை அறைக் கதவில் சாவியைப் போட்டுத் திருகி, உள்ளே இருந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் முழி முழி என்று முழித்தேன். லிஃப்டில் கதவை நாமே இழுத்துச் சாத்த வேண்டும் என்று தெரியாமல் ஐந்து நிமிடம் பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றேன். தினமும் சாயங்காலம் மேஜைமேல் ஏதாவது காகிதம் வைத்துவிட்டுப் போவார்கள். ஊர் வரைபடம், சாப்பாட்டுக் கடை விளம்பரம், இப்படி. எல்லாவற்றையும் டைல்ஸ் கேட்லாக்குகளோடு சேர்த்துப் பெட்டியில் திணித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து எங்கள் டிரைவர் போன் செய்தார். பெஷாவர்க்காரர், எங்களுக்குள் இந்தியில்தான் பேச்சு. கன்டெய்னர் விஷயம் பேசிவிட்டு, அந்த ஆள் தினமும் காலையில் வந்து ஆபீஸ் வாசலில் நிற்கிறார், அவருடைய அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டதாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாளை மறுநாள் வந்துவிடுவேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்டாலுக்கு நடந்தேன்.

கிளம்புகிற நாள். மத்தியானம் மிலான் ரயில், அங்கிருந்து விமானம். பெட்டியோடு கீழே வந்தால் மேஜையில் வேறொரு பெரியவர். பாஸ்போர்ட் கேட்டேன். டிராயரைத் திறந்து பார்த்தார், கீழ் டிராயரையும் பார்த்தார். இல்லை என்று கையை விரித்தார்.

 கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாஷை தெரியாத ஊர். கையில் பாஸ்போர்ட் இல்லை. விமானம் போய்விட்டால் என்ன செய்வது, யாரிடம் போய் நான் இன்னார் என்று சொல்வது? அந்தப் பெண்மணிதான் எடுத்திருப்பார், எங்கேயோ விற்றிருப்பார் என்றெல்லாம் புத்தி போனது. பெரியவரிடம் கத்தினேன். போலீஸைக் கூப்பிடு என்றேன். அவர் கத்தவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு அந்தப் பெண்மணிக்குப் போன் செய்தார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. முக்கால் மணி நேரத்தில் சைக்கிளில் வந்து இறங்கினார். அந்த முக்கால் மணி நேரமும் பூனையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் வாசலில் தினமும் வந்து நின்ற மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான், ஆமாம், அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

வந்தவர், பெட்டியைத் திறக்கச் சொன்னார். கேட்லாக்குகளுக்கு நடுவிலிருந்து கொண்டலாத்தி படம் போட்ட ஒரு கவரை உருவினார். ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. உள்ளே என் பாஸ்போர்ட்! நான் வந்த அன்றைக்குச் சாயங்காலமே என் அறை மேஜைமேல் வைத்திருக்கிறார். விளம்பரம் என்று நினைத்து நான்தான் பிரிக்கவே இல்லை. இது உங்களுடையது, உங்களிடமே இருக்கட்டும் என்று ஒரு சீட்டு வேறு எழுதி வைத்திருந்தார்.

உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஏன் இதை என்னிடம் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எங்கள் கம்பெனியில் அப்படித்தான், எண்பது பேருடையதும் என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லி, நிரூபிப்பதுபோல பீரோ சாவியை எடுத்துக் காட்டினேன். அவர் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?" என்று கேட்டார்.

கிண்டல் இல்லை, குத்தலும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். ஏதோ கிரிமினல்களைக் காவல் காக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. சாவியைத் திரும்பப் பேன்ட் பையில் போட்டேன்.

அங்கிருந்தே டிரைவருக்குப் போன் செய்தேன். நான் போய்த் திறக்கிறவரை காத்திருந்தால் இன்னொரு நாள் போய்விடும். பீரோ பூட்டை உடை, அந்த ஆளுடைய பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் கொடு, இன்றைக்கே ஷார்ஜாவிலிருந்து விமானம் ஏற்றி அனுப்பி வை என்றேன். அவர் நம்பவில்லை. "தோட் தூன்? பக்கா?" என்று மூன்று முறை கேட்டார். உடைக்கட்டுமா, நிச்சயமாகவா என்று. உடை பாய் என்றேன்.

முதலாளியும் அதே ரயிலில்தான் வந்தார், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். எது முடிந்தது, விஷயமா, என் வேலையா என்று துபாய் வந்து ஒரு வாரம்வரை எனக்கு விளங்கவில்லை. அப்புறம் புதுப் பூட்டு வாங்கச் சொன்னார். அவ்வளவுதான்.

அந்த மனிதர் மறுநாள் காலையில் திருச்சி போய்ச் சேர்ந்திருக்கிறார். அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார். ஒரு பகல் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். ஆனால் பேச்சு இல்லை. அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற அன்றைக்கே அனுப்பியிருந்தால் பேச்சும் இருந்திருக்கும். இதை அவர் சொல்லவில்லை. நானேதான் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தார். தலை மொட்டை. என் மேஜைக்கு வந்து, இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"இந்தாங்க சார், பீரோல வெச்சுக்குங்க."

நான் வாங்கவில்லை. உன்கிட்டயே இருக்கட்டும் என்றேன். அவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. முகம் வெளுத்துப்போனது. துபாயில், லீவு கேட்காதபோது ஒருவனிடம் கம்பெனி பாஸ்போர்ட்டைக் கொடுத்தால், விசாவை கேன்சல் பண்ணி ஒரேயடியாக அனுப்புகிறார்கள் என்றுதான் அர்த்தம். அது எனக்குத் தெரியாதா என்ன, அந்த நிமிடத்தில் மறந்துபோனேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன் சார்?" என்றார்.

இரண்டு பேர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. தப்பு உன்னுடையது இல்லை என்று அன்றைக்கு அவரிடம் சொல்லி, பாஸ்போர்ட்டை அவர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பினேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை, ஆனால் நான் இன்றுவரை என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.